செவ்வாயை நான் திருத்திய கதை

பிழைதிருத்தும் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஒற்றெழுத்து எங்கே மிகும், எங்கே மிகாது என்பதை நான் சொல்லித்தரப் போவதில்லை. அதை மூன்று மாதத்தில் பழகிவிடுவீர்கள். பழகாவிட்டால் வாசகர்கள் கடிதம் எழுதியே பழக்கிவிடுவார்கள். இந்த மேசையில் முப்பத்தைந்து வருடம் முதுகு வளைந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது இதுதான்: அச்சுக்கோப்பவர் பிழை விட்டால் பெரும்பாலும் சிரிப்பு வரும். பிழைதிருத்துகிறவன் பிழை விட்டால் ஆள் அடிபடும். நான் ஒருவரை அப்படி அடித்திருக்கிறேன். இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. ஐரோப்பாவில் இரண்டாம் போர் தொடங்கிய வருடம், ஆனால் நான் சொல்லும் மாதங்களில் அது இன்னும் தொடங்கவில்லை. குருநகரில் கடற்றொழில் செய்யும் குடும்பம் எங்களுடையது. அப்பா போனபின் அண்ணைதான் வள்ளத்தைக் கொண்டோடி என்னைப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். எங்கள் தெருவில் கால் நனையாத வேலைக்குப் போன முதல் ஆள் நான். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் அச்சகம். அங்கே வருடத்துக்கு ஒரு முறை அச்சாகும் சைவப் பஞ்சாங்கம்தான் அதன் உயிர்நாடி. வேதக்காரப் பொடியன் ஒருவன் காலையில் மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு வந்து, பகல் முழுக்க ஏகாதசியையும் பிரதோஷத்தையும் சரிபார்த்துக்கொண்டிருப்பான். சக வேலையாட்களுக்கு அது பெரிய பகிடி. எனக்கும் பகிடிதான்.

பஞ்சாங்கத்தைக் கணித்துத் தருகிறவர் மிருசுவிலில் புகையிலைத் தோட்டம் செய்கிற ஒருவர். அச்சகத்தில் எல்லோருக்கும் அவர் கணிதர். ஒவ்வொரு மாசி மாதமும் கைப்பிரதியைத் துவாயில் சுற்றி ரெயிலில் கொண்டுவருவார். கடைசிப் புரூப்பைத் தானே வந்திருந்து பார்ப்பார். முந்திய வருடம், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவருடைய கைப்பிரதியிலேயே ஒரு திதி வரிசை மாறி எழுதப்பட்டிருந்ததை நான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. முதலாளியிடம் போய், "உந்தப் பொடியனை விட்டிடாதையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ஏறிய தலைக்கனம் எனக்கு ஒரு வருடம் இறங்கவில்லை.

அந்த வருடம் அவர் கைப்பிரதி கொண்டுவந்தபோது வாசற்படியில் தடுமாறினார். இரண்டு கண்ணிலும் படலம் மூடிக்கொண்டு வந்தது.

"தம்பி, மூக்கு முட்ட முட்ட எழுதி முடிச்சிட்டன். சின்ன எழுத்து இனி எனக்குத் தெரியாது. கடைசிப் புரூப்பு உம்மடை பொறுப்பு. சந்தேகம் வந்தால் ஓராளை அனுப்பும். நீர் வந்தாலும் சரி" என்றார்.

"நீங்கள் யோசிக்காதையுங்கோ ஐயா" என்றேன். யோசிக்க வேண்டியவன் நான் என்பது அப்போது தெரியாது.

பங்குனி பாதி போய்விட்டது. வேறொரு பஞ்சாங்கம் கடைகளுக்கு வந்துவிட்டதென்று செய்தி. முதலாளி இயந்திரத்துக்கும் என் மேசைக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தார். ஆடி மாதப் பக்கம் என் கையில். ஒவ்வொரு மாதப் பக்கத்திலும் ஒரு சிறு பெட்டி இருக்கும். மாதத்தில் நான்கு நாட்களில், ராகு கேது தவிர, ஒவ்வொரு கிரகமும் எந்த ராசியில் எத்தனையாம் பாகையில் நிற்கிறது என்று அதில் போட்டிருக்கும். முந்திய வருடம் அந்தப் பெட்டியைக் கணிதரே பார்த்தார். நான் எண்ணைப் படியோடு, அதாவது கைப்பிரதியோடு, ஒப்பிடுகிறவன். அப்படி ஒப்பிடுகிறவன் எண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதில்லை. அன்றைக்கு ஏனோ பார்த்துவிட்டேன். சூரியன் ஒழுங்காக ஏறிக்கொண்டு போனது. செவ்வாய்க்கு நேரே ஒன்பது, ஏழு, ஐந்து, மூன்று என்று இருந்தது. கைப்பிரதியைப் பார்த்தேன். அதிலும் ஒன்பது, ஏழு, ஐந்து, மூன்று.

பாவம் மனிதர், கண் தெரியாமல் கீழிருந்து மேலே எழுதிவிட்டார் என்று நினைத்தேன். நான் வள்ளக்காரன் வீட்டுப் பிள்ளை. வானத்தைப் பார்த்து வழி பிடிக்கிற ஆட்கள் எங்கள் ஆட்கள். கிழக்கில் எழும்பி மேற்கில் விழுவதைத் தவிர வானத்தில் எதுவும் தன் பாட்டில் திரும்பி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனி மாதப் பக்கத்தை எடுத்துப் பார்த்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். அந்தப் பக்கங்களைக் கோத்த பாரம் முதலே அச்சாகி, ஈய எழுத்துகளும் கலைந்து எழுத்துப் பெட்டிக்குப் போய்விட்டன. அச்சான தாளும் அதன் கைப்பிரதியும் மாடியில் கிடந்தன. மாடிப்படி பதினாறு. நான் ஏறவில்லை.

"என்ன காணும், முடிஞ்சுதோ?" என்றார் முதலாளி.

சிவப்பு மையில் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று மாற்றினேன். புரூப்பில் மட்டும் மாற்றவில்லை. கைப்பிரதியிலும் அவருடைய எண்களை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் என்னுடையதை அழகாக எழுதினேன். அவருக்கு நான் பெரிய உதவி செய்துவிட்டேன் என்ற நினைப்பில் அன்று மத்தியானச் சோறு எனக்கு நன்றாக இறங்கியது.

பஞ்சாங்கம் வந்தது, விற்றது. ஆனியில் கணிதருக்கு ஒரு கண்ணில் படலத்தை வெட்டி எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டோம். ஆடி பிறந்து மூன்றாம் கிழமை, உடுவிலில் இருந்து ஒரு சாத்திரியார் அச்சகத்துக்கு வந்தார். புதிதாகப் பிறந்த ஒரு பிள்ளைக்குச் சாதகம் எழுத உட்கார்ந்தவர் பஞ்சாங்கத்தைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"ஆனி முடியேக்கை செவ்வாய் மகரத்திலை பத்து. ஆடி பிறக்க மூண்டு. என்ன, செவ்வாய்க்குப் பேய் பிடிச்சதோ, ஒரு கிழமைக்குள்ளை ஏழு பாகை பாய?" என்று முதலாளியின் மேசையில் புத்தகத்தைப் போட்டார். "செவ்வாய் இப்ப வக்கிரம் ஐயா. பின்னுக்குப் போற காலம். ஒன்பது, ஏழு, அஞ்சு, மூண்டு எண்டு இறங்கிவர வேணும். உங்கடை கணிதர் தலைகீழாய் எழுதி வைச்சிருக்கிறார். இதை நம்பி நான் அந்தப் பிள்ளையின்ரை சாதகத்தை எழுதியிருந்தால்?"

வக்கிரம் என்ற சொல்லை நான் எத்தனையோ தடவை புரூப்பில் பார்த்திருக்கிறேன். கிரகத்துக்குக் கோபம் என்பது போல ஏதோ சாத்திரக்காரர் கதை என்று நினைத்து, எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டிருந்தேன். கிரகம் பின்னோக்கிப் போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

சாத்திரியார் போனபின் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "படியிலை எப்பிடி இருந்தது?"

"படியிலை உள்ளபடிதான் போட்டது ஐயா."

அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு திருப்பி எடுக்க வழி இருந்தது; எடுக்கவில்லை. எங்கள் தெருவும், அண்ணையின் வெடித்த கையும், கால் நனையாத என் வேலையும் கண்ணுக்கு முன்னால் நின்றன. முதலாளி பெருமூச்சு விட்டார். அவரும் கெட்ட மனிதர் அல்லர்.

"பாவம், கண் போன மனிசன். இனி அவரிட்டைக் குடுக்கேலாது. வாற வருசத்துக்கு வேறை ஆளைப் பாப்பம்" என்று சொல்லி, அன்றைக்கே கணிதருக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தின் உறையில் விலாசம் எழுதியது நான்.

அன்று பொழுதுபட, கடற்கரையில் அண்ணை வலையை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். தென்கிழக்கு மூலையில் செவ்வாய் எழும்பி நின்றது. அந்த வருடம் அது இருந்த சிவப்பும் பருமனும் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை. எங்கள் ஆட்கள் வானத்தில் மின்னுகிற எல்லாவற்றையும் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.

"அண்ணை, வெள்ளி ஏதும் பின்னுக்குப் போறது உண்டோ?" என்று கேட்டேன்.

"உந்தச் சிவத்த வெள்ளி போகுதே" என்றார், வலையிலிருந்து கையை எடுக்காமல். "ஆனி பிறக்கேக்கை, உதிலை ஒட்டிக்கொண்டு நிக்கிற இரண்டு சின்ன வெள்ளிக்கும் நேரை நிண்டது. இப்ப பார், மேற்காலை எவ்வளவு தள்ளி வந்திட்டுது. ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டுதானே போறன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியே?" என்றார்.

கைப்பிரதிக் கட்டு அச்சக அலுமாரியில் என் பொறுப்பில் இருந்தது. ஆடிப் பக்கத்தில் கணிதரின் கறுப்பு மையும் என் சிவப்பு மையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அந்த ஒரு தாள் இல்லாமல் போனால் நடந்தது உலகத்தில் யாருக்கும் தெரியப் போவதில்லை. இரண்டு நாள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வீட்டில் அடுப்பு எரியும்போது பக்கத்தில் போய் நின்றும் பார்த்தேன். உங்களுக்கு நல்ல பிள்ளையாக வேடம் போட எனக்கு விருப்பமில்லை. எரித்திருப்பேன். அந்த நேரம் பார்த்து அண்ணையின் மனைவி விறகு கேட்டு என்னை வெளியே அனுப்பினார். விறகைக் கொண்டு திரும்பியபோது அந்தத் துணிச்சல் போய்விட்டது.

சனிக்கிழமை காலை மிருசுவிலுக்கு ரெயில் ஏறினேன். கொடிகாமம் தாண்டியதும் கண்டி வீதி தண்டவாளத்தோடு சேர்ந்து ஓடும். வீதியில் கிடுகு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று நாங்கள் போகிற பக்கமே போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் பனங்கூடல். என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவது என்று யோசித்தபடி சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ரெயில் அந்த மாட்டுவண்டியை நெருங்க நெருங்க, மாட்டுவண்டி பின்னோக்கி நழுவத் தொடங்கியது. முதலில் ஒரு மொட்டைப் பனைக்கு முன்னால் நின்றது. பிறகு அதற்குப் பின்னால் உள்ள பனைக்கு நேரே வந்தது. பிறகு அதற்கும் பின்னால். மாடுகளைப் பார்த்தேன். அவை நேர்மையாக முன்னோக்கித்தான் நடந்துகொண்டிருந்தன. வண்டிக்காரர் வாலை முறுக்கி விரட்டிக்கொண்டும் இருந்தார். தூரத்துப் பனையில் அடையாளம் வைத்துப் பார்த்த எனக்கு மட்டும் வண்டி பின்னே போயிற்று.

யன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பனை என்றால் அண்ணை காட்டிய அந்த இரண்டு சின்ன வெள்ளிகள். வண்டி செவ்வாய். வேகமாக ஓடிக்கொண்டிருப்பது நாங்கள்.

கணிதரின் வீட்டு முற்றத்தில் புகையிலைக் காம்பு மணத்தது. அவர் யன்னலோரம் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வெட்டிய கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருக்க வேண்டும். கட்டு அவிழ்த்து மேசையில் கிடந்தது. கண் செக்கச் செவேலென்று நீர் வடிந்துகொண்டிருந்தது. மேசையில் ஒரு பக்கம் பஞ்சாங்கம், மறு பக்கம் அவருடைய கணக்குத் தாள்கள். ஒவ்வோர் எண்ணாக விரலை வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி என்னைக் கண்டதும் வாசலுக்கு வந்தார்.

"அச்சுக்கூடத்துத் தம்பியோ? நீராவது சொல்லும். மூண்டு மாசத்துக்கு எழுத்துப் பக்கம் போகப்படாதெண்டு டொக்ரர் சொன்னவர். உங்கடை முதலாளியின்ரை கடிதம் வந்த நாள் தொட்டு உதிலைதான் இருக்கிறார். சொல்லுக் கேக்கிறாரில்லை."

"ஓம்" என்றேன். கணிதர் குரலில் அடையாளம் கண்டு, "வாரும் தம்பி, இரும்" என்றார். எங்கள் சாதி ஆட்களைக் கதிரை தந்து இருத்துகிற வழக்கம் அந்தக் காலத்தில் அப்படியான வீடுகளில் இல்லை. அவர் இருத்தினார். "ஆடியிலை பிழை விட்டிட்டன். கணக்குச் சரியாத்தான் கிடக்கு. படி எழுதேக்கை கண் ஏமாத்திப்போட்டுது. ஒரு மாசத்திலை பிழைச்ச ஆள் மற்ற மாசத்திலை பிழைக்கமாட்டானெண்டு என்ன நிச்சயம்? எத்தினை கலியாணம், எத்தினை சாதகம் தம்பி. முழுக்கப் பாத்து முடிக்காமல் எனக்குச் சோறு இறங்குதில்லை."

அச்சில் இருந்ததை அவர் நம்பினார். தன் கையை நம்பவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் என்மேல் சந்தேகப்படுவார், சத்தம் போடுவார் என்றுதான் வழி முழுக்க நினைத்திருந்தேன்.

தாளை எடுத்து மேசையில் வைத்தேன். "நீங்கள் சரியாத்தான் எழுதினீங்கள் ஐயா. மாத்தினது நான்."

அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். மனைவி அதைப் பறித்து, தானே வாசித்தார். "கறுப்பிலை ஒன்பது, ஏழு, அஞ்சு, மூண்டு எண்டு கிடக்கு. அதை வெட்டியிருக்கு. சிவப்பிலை மூண்டு, அஞ்சு, ஏழு, ஒன்பது."

"திருப்பி வாசியும்" என்றார் கணிதர். அவர் திருப்பி வாசித்தார்.

"என்ரை கண் பிழைக்கேல்லை" என்றார் கணிதர். அப்படிச் சொல்லிவிட்டுச் சிறு பிள்ளை மாதிரி அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. அழாமல் நின்றவர் அவருடைய மனைவி ஒருவர்தான்.

"ஏன் மாத்தினீர்?" என்று கணிதர் கேட்டார்.

"வானத்திலை ஒண்டும் பின்னுக்குப் போகாதெண்டு நினைச்சன். இண்டைக்கு ரெயிலிலை வரேக்கைதான் விளங்கினது." மாட்டுவண்டியைப் பற்றிச் சொன்னேன். அந்த நிலையிலும் அவருடைய முகம் மலர்ந்தது.

"ஓம் தம்பி, அதேதான். சாத்திரக் கணக்கு பூமி நிக்குதெண்டு வைச்சுப் போடுறது. விடை சரியாத்தான் வரும். ஆனால் மெய்யிலை ஓடுறது நாங்கள். சூரியனைச் சுத்திற உள்வட்டத்திலை நாங்கள், வெளிவட்டத்திலை செவ்வாய். நாங்கள் அதை முந்தேக்கை அது பின்னுக்குப் போறமாதிரிக் கிடக்கும். முந்தி வளைஞ்சு கொஞ்சம் விலகினவுடனை திரும்ப முன்னுக்குப் போகும். அது ஒரு நாளும் திரும்பி நடக்கேல்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "முதலாளிக்குச் சொல்லிப்போடாதையும். எனக்குத் தோட்டம் கிடக்கு. உமக்கு உந்த வேலைதான். பிழை என்ரையாவே இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்சால் காணும்."

தம்பிமாரே, தங்கைமாரே, முதலாளியின் அவசரத்தை விட, சாத்திரியாரின் கோபத்தை விட, என்னை அதிகம் நெருக்கியது இந்த இரக்கம்தான். தலையாட்டியிருந்தால் எல்லோரும் தப்பியிருப்போம் போலத் தோன்றியது. அவருடைய மனைவி மேசையில் கிடந்த கட்டுத்துணியை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "உவர் இப்பிடித்தான் சொல்லுவார். நீர் என்ன செய்யப் போறீர்?" என்றார்.

திங்கட்கிழமை தாளை முதலாளியின் மேசையில் வைத்தேன். அவர் கறுப்பு மையையும் சிவப்பு மையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்டைக்குக் கேக்கேக்கை ஏன் பொய் சொன்னீர்?"

"பயத்திலை, ஐயா."

"இப்ப பயமில்லையோ?"

"இருக்குது ஐயா."

பஞ்சாங்கம் வாங்கியவர்களுக்குக் கடைகள் மூலம் ஒரு துண்டுத்தாள் கொடுப்பது என்று முடிவாயிற்று. 'ஆடி மாதத்தில் செவ்வாயின் எண்கள் இடம் மாறிவிட்டன' என்று முதலாளி எழுதித் தந்தார், என்னைக் காப்பாற்றத்தான். எண்கள் தாமாக எழும்பி நடந்து போய் இடம் மாறியதைப் போல. நான் அதை அவரிடமே திருப்பிக் கொண்டுபோய், மாற்ற அனுமதி கேட்டேன். முகத்தைச் சுளித்துவிட்டுச் சம்மதித்தார். 'கணிதர் சரியாக எழுதிக் கொடுத்த எண்களைப் பிழைதிருத்துநர் தவறாக மாற்றிவிட்டார்' என்று துண்டு வெளியாயிற்று. கணிதருக்கே அடுத்த வருடமும் பஞ்சாங்க வேலை கிடைத்தது. நான் ஒரு வருடம் புரூப்பைத் தொடவில்லை; கலைந்த எழுத்துகளைப் பெட்டியில் பிரித்துப் போடும் வேலையில் இருந்தேன். அண்ணை ஒரு நாள், "வேலை போகேல்லைத்தானே, பிறகென்ன?" என்றார்.

கணிதரின் கண் திரும்பவில்லை. வெட்டிய கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது, உருவம் தெரியவில்லை. அந்தச் சில நாட்கள் அவர் கட்டவிழ்த்துப் பார்த்ததால் போனதா, தன்பாட்டிலேயே போனதா என்று டொக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. மற்றக் கண்ணை வெட்ட அவர் சம்மதிக்கவேயில்லை.

அதற்குப் பிறகு எட்டு வருடம், ஒவ்வொரு மாசியும் நான் மிருசுவிலுக்குப் போய் ஒரு கிழமை தங்கி, அவர் சொல்லச் சொல்ல மனைவி எழுதிவைத்த எண்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் அச்சுக்குக் கொண்டுவந்தேன். கிரகம் வக்கிரமாகும் இடம் வந்தால், "மாட்டுவண்டி வருது, கவனம்" என்று என்னைச் சீண்டுவார். "படலம் உரிச்ச கண் எல்லாம் தேறுறதில்லை தம்பி. உதை நினைச்சுத் திரியாதையும்" என்று எத்தனையோ தடவை சொன்னார். மனதார மன்னித்துத்தான் சொன்னார். அவருடைய மனைவி எட்டு வருடமும் எனக்கு நேரத்துக்குச் சோறு போட்டார், படுக்கப் பாய் போட்டார், ஒரு சுடுசொல் சொல்லவில்லை, ஒரு நாளும் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவுமில்லை. அவர் மன்னிக்கவில்லை. இரண்டு பேரும் செய்தது சரிதான் என்று நினைக்கிறேன்.